லைனில் எடுத்த ரத்தம்

ஊதா மூடி போட்ட சின்னக் குழாயை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து சிஸ்டர் இறங்கி வருவார். ஐ.சி.யு. மூன்றாவது மாடியில். எங்கள் லேப் பேஸ்மென்டில், துணி வெளுக்கிற அறைக்குப் பக்கத்தில். லிஃப்ட் இருந்தது, ஆனால் நிற்கும்போதெல்லாம் ஒரு குலுக்குக் குலுக்கும். ரத்தம் குலுங்கினால் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே கலந்து என் கணக்கு கெட்டுப்போகும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். அன்றிலிருந்து குழாய் கையில் இருக்கும்போது அவர் லிஃப்டில் ஏறியதே இல்லை. சர்ச்சில் திருவிருந்துக் கிண்ணம் வாங்குகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து, குழாயை என்னிடம் கொடுத்த பிறகுதான் மூச்சு விடுவார். அடுத்த நொடி வாய் திறந்துவிடும். "இந்தாட்டி மாதுங்காக்காரி, ஒன் பொக்கிஷம். பத்திரமா வச்சிக்கோ" என்பார்.

செம்பூரில் இருந்த அந்த மருத்துவமனையில் நான் பிஎச்.டி.க்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலம் அது. சிஸ்டர் ஐ.சி.யு.வில் சீனியர் நர்ஸ், என்னைவிட எட்டு வயது மூத்தவர். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஆனால் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆகிப் போனது எல்லாமே தாராவிக்குள்தான். காலையில் நான் மாதுங்காவில் ஏறும் லோக்கல் ரயிலில் அவர் சயானில் ஏறுவார். குர்லாவில் இறங்கி, கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு ஹார்பர் லைன் ரயிலுக்கு ஓடுவோம். என் வீட்டுத் தமிழை அவரால் சகிக்க முடியாது. "வந்துண்டு, போயிண்டு, தின்னுண்டு... அந்த 'ண்டு'வ எங்கனயாச்சும் தொலைச்சிட்டு வாயேன்ட்டி" என்று பெண்கள் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொல்வார். "நீங்க மட்டும் என்னவாம், 'வாரேன்', 'போறேன்'னு ராகம் போட்டுண்டு" என்று நானும் விடமாட்டேன். எனக்கு நாக்கு நீளம், கோபமும் சீக்கிரம் வரும். இரண்டையும் பொறுத்துக்கொண்ட ஆட்கள் இந்த ஊரில் குறைவு.

என் ஆராய்ச்சி செப்சிஸ் பற்றியது. எங்கோ தொடங்குகிற ஒரு தொற்று, சிறுநீர்ப் பாதையிலோ நுரையீரலிலோ ஒரு புண்ணிலோ, அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பே நிதானம் இழந்து தன் சிறுநீரகத்தையும் ஈரலையும் நுரையீரலையும் தாக்கத் தொடங்குவதுதான் செப்சிஸ். சிறுநீரகம் கெடுகிறது என்று வழக்கமான ரத்தப் பரிசோதனை சொல்வதற்குள் பாதி கெட்டிருக்கும். அதற்கு முன்பே சொல்லக்கூடிய ஏதாவது ரத்தத்தில் இருக்கிறதா என்று உலகமெங்கும் தேடுகிறார்கள். நான் தேடியது ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வை. பெரும்பாலும் ஆர்.என்.ஏ. என்றால் புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமந்து போவது என்றுதான் பாடத்தில் படித்திருப்போம். இது அப்படியில்லை. தானாக எந்தப் புரதத்தையும் செய்யாது, அதனால் ஆங்கிலத்தில் 'நான்கோடிங்' என்பார்கள். ஆனால் மற்றவை எதை, எவ்வளவு செய்யலாம் என்பதை இதுதான் அடக்கி வைக்கும்.

இதைக் குர்லா பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு சிஸ்டருக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் அவரே கையைத் தட்டினார். "அட, எங்க மாமியா! அடுப்பு பக்கமே வர மாட்டாவ. ஒரு வெங்காயம் உரிச்சது கெடையாது. ஆனா கொழம்புல புளி எம்புட்டு, மீன் எத்தன துண்டு, எல்லாம் அவிய கட்டில்ல படுத்துக்கிட்டே சொல்லணும். அவிய ஊருக்குப் போயிட்டா வீட்டுல ஆளுக்கொரு கொழம்பு வைப்போம்" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டில் மாமியாருக்கு 'நான்கோடிங்' என்று பெயர். அந்தம்மாளுக்கு அது ஏதோ மரியாதைப் பட்டம் என்று எண்ணம்.

இப்படி மாமியார் கதை பேசி மாய்ந்த நான், சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். ரத்தம் எடுக்கும் விதிகளை நான்தான் இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுத்திருந்தேன். அதில் ஒரு வரி: ஒவ்வொரு முறையும் நரம்பில் புதிதாகக் குத்தித்தான் எடுக்க வேண்டும், லைனில் எடுக்கக் கூடாது. ஐ.சி.யு. நோயாளிகள் பலருக்கு மணிக்கட்டில் ஒரு மெல்லிய குழாய் செருகியிருப்பார்கள். அதைத்தான் லைன் என்பார்கள். அதில் ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்க ஹெபரின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்பார்கள். வழக்கமான பரிசோதனைகளுக்கு நர்சுகள் அந்த லைனிலிருந்து முதல் ரத்தத்தைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் கொட்டிய பிறகும் துளி ஹெபரின் ஒட்டிக்கொண்டிருக்கும், அது என் சோதனையில் பயன்படும் நொதியை முடக்கிவிடும். இருக்கிற ஆர்.என்.ஏ.வை இல்லை என்று காட்டும். இந்தக் காரணத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை. விதி எழுதியிருக்கிறது, கையெழுத்தும் போட்டிருக்கிறார், அப்புறம் என்ன என்ற திமிர்தான்.

முதல் மாதத்தில் குர்லாவில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரின் மனைவி ஆறாவது படுக்கையில் வந்து சேர்ந்தாள். தாராவிக்காரர்கள், சிஸ்டரின் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கிக் கிடந்த அவள் கையில் நரம்பு தேடுவது பெரும்பாடு. மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். அந்த மனிதர் வந்ததும் மனைவியின் முகத்தைப் பார்க்க மாட்டார். போர்வையை விலக்கி, இரண்டு கைகளிலும் நீலம் பாரித்திருக்கிற இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொடுவார். கிரீஸ் போகாத விரல்கள். "இது நேத்து இல்லியே சிஸ்டர்" என்பார். கோபமே இல்லாமல் கேட்பாராம். அதுதான் தாங்க முடியவில்லை என்று சிஸ்டர் பிறகு சொன்னார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. ஆனால் அவளுடைய கடைசி நாட்களில் என் குழாய்க்கான ரத்தத்தை சிஸ்டர் லைனிலிருந்துதான் எடுத்திருக்கிறார். பிறகு வந்த நோயாளிகளிலும், லைன் இருந்த யாரையும் எனக்காக அவர் குத்தவே இல்லை. லைன் இல்லாதவர்களுக்கு மட்டும் ஊசி. எடுக்கிற ரத்தம் ஒன்றுதானே, எந்த வழியாக வந்தால் என்ன என்று நினைத்திருக்கிறார். விதியைப் படித்திருந்தார், ஆனால் படித்தவர்கள் எழுதுகிற பல விதிகளைப் போல அதுவும் ஒன்று என்று எண்ணியிருக்கிறார்.

எனக்கு இது எதுவும் அப்போது தெரியாது. ஒன்றரை வருடம் குழாய்கள் படியிறங்கி வந்தன. முடிவுகளை வரைபடமாகப் போட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களிடம் எங்கள் ஆர்.என்.ஏ. அடியோடு குறைந்திருந்தது. மற்றவர்களிடம் குறையவில்லை. கோடு போட்டுப் பிரித்த மாதிரி. எங்கள் டாக்டர் ஸார் ஐ.சி.யு.வின் தலைவர், என் ஆராய்ச்சி வழிகாட்டியும் அவர்தான். புனேக்காரர், லேசில் சிரிக்காதவர். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை "சாங்லா, சாங்லா" என்று மராத்தியில் பாராட்டினார். டெல்லி மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதச் சொன்னார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஒவ்வொரு குழாயிலும் நாங்கள் வேறொரு ஆர்.என்.ஏ.வை, மனித உடம்பில் இல்லாத ஒன்றை, அளந்து போடுவோம். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். நாமே போட்டதாகையால் எல்லாக் குழாயிலும் அது ஒரே அளவு காட்ட வேண்டும். ஏதாவது குழாயில் அதுவும் குறைந்தால், கோளாறு நோயில் இல்லை, குழாயில் இருக்கிறது என்று அர்த்தம். சிறுநீரகம் கெட்ட அந்த நோயாளிகளின் குழாய்களில் கண்ட்ரோலும் குறைந்துதான் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, நான் அளந்து விட்டதில்தான் தவறு என்ற அர்த்தத்தில் 'பிப்பெட் பிழை' என்று நோட்டில் எழுதி, கண்ட்ரோல் எண்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அவ்வளவு அழகான வரைபடம் பொய்யாக இருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சிஸ்டரிடம் காட்டாமல் இருக்க முடியுமா? மறுநாள் கேன்டீனில் டீ கிளாசை நகர்த்திவிட்டு வரைபடத்தை விரித்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் நோயாளியின் எண் இருந்தது, பெயர் இல்லை. அவருக்கு எண்ணே போதும். அடியில் கிடந்த சிவப்புப் புள்ளிகள் மேல் விரலை வைத்து, "இது ஆறாம் பெட்டு... இது அந்த வாத்தியாரு... இது செம்பூர் கேம்ப்புக்காரி" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ஏட்டி, கீழ கெடக்கவிய எல்லாரும் லைன் போட்டவியல்லா?" என்றார். "ஆமா, ரொம்ப முடியாதவாளுக்குத்தானே லைன் போடுவா" என்றேன் நான், சந்தோஷத்தில். லைன்ல எடுத்தா என்ன ஆகும் என்று கேட்டார். அப்போதுதான், ஒன்றரை வருடம் கழித்து, நான் ஹெபரின் காரணத்தைச் சொன்னேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். அவர் டீயைக் குடிக்கவில்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

அன்று மத்தியானமே அவர் ஸாரின் அறைக்குப் போய்விட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். மேட்ரனும் இருந்தார். "கல்தி மேரி ஹை ஸார்" என்று சிஸ்டர் இந்தியில் தப்பைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு தொடங்கி, எந்த நோயாளியிலிருந்து எப்படி எடுத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் நிறுத்தவே இல்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கே தெரிந்திருக்காது, அல்லது தெரியாத மாதிரி இருந்திருப்பேன். எல்லாவற்றையும் கேட்ட பிறகு ஸார் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். கண்ட்ரோல் எல்லாம் சரியாக இருந்ததா? நான் "எஸ் ஸார்" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் பாதிப் பழி எனக்கு வந்திருக்கும். பாதி என்ன, முக்கால்வாசி. கண்ட்ரோலைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது என் வேலை, சிஸ்டருடையது அல்ல. என் படிப்பு போயிருக்கும் என்று அன்று பயந்தேன். சிஸ்டரை ஐ.சி.யு.விலிருந்து எடுத்து, கீழே வெளிநோயாளிகள் பிரிவில் ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள். ஒரு குத்தைக் குறைக்கப் பார்த்தவரை நாள் முழுக்கக் குத்துகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஐ.சி.யு.தான் அவருக்கு உயிர். எந்த மெஷின் எப்படிக் கத்தினால் என்ன அர்த்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதை விட்டுப் போகும்போது அவர் அழுதார் என்று மற்ற நர்சுகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் புதிதாக ரத்தம் சேகரித்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். அழகான வித்தியாசம் காணாமல் போயிற்று. எங்கள் ஆர்.என்.ஏ. சிறுநீரகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆய்வின் முடிவு. அதற்கும் பட்டம் கொடுத்தார்கள். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சிஸ்டர் என்மேல் வருத்தப்பட்டதே இல்லை, அதுதான் என்னை வதைத்தது. "என்னால ஒன் படிப்பு ரெண்டு வருஷம் பின்னால போயிட்டேட்டி" என்று அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அச்சு முறுக்கு டப்பா என் மாதுங்கா வீட்டுக்கு வந்துவிடும். முட்டை போடாமல் எனக்கென்று தனியாகச் சுட்டது. நான் சீக்கிரமே வேறு நேரத்து ரயிலுக்கு மாறிக்கொண்டேன். குர்லாவில் அவரைத் தூரத்தில் பார்த்தால் தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

இப்படி ஏழு வருடம் ஓடிற்று. போன மழைக்காலத்தில் என் அப்பாவுக்குச் சிறுநீரில் தொற்று வந்து, இரண்டே நாளில் காய்ச்சலும் பிதற்றலுமாகிவிட்டது. ஸார் இருக்கிறார் என்ற தைரியத்தில் அதே மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். செப்சிஸ். நான் வகுப்பில் படம் போட்டு நடத்துகிற பாடம் என் அப்பாவின் உடம்பில் நடந்துகொண்டிருந்தது. சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. மறுநாள் நான்கு மணிக்கு நான் உள்ளே போனபோது சிஸ்டர் ஏற்கனவே அங்கே நின்று, அப்பாவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தார். யார் சொன்னார்களோ, டூட்டி முடிந்ததும் மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும்.

மூன்றாவது நாள் ஒரு நர்ஸ் காகிதத்துடன் வந்தாள். ஸாரின் புது ஆராய்ச்சி, இதுவும் ஆர்.என்.ஏ. தேடுவதுதான், அப்பாவின் ரத்தம் கொஞ்சம் வேண்டும், மகள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். அவள் அப்பாவின் கையைத் தூக்கினாள். முழங்கையிலிருந்து விரல் வரை நீலமும் ஊதாவுமாக, குத்துவதற்கு இடமில்லாத கை. அப்பா தூக்கத்திலேயே கையை இழுத்துக்கொண்டார். என் வாய் தானாகத் திறந்தது. "குத்தாதீங்கோ. லைன்லேர்ந்து எடுத்துக்கோங்கோ" என்றேன். அந்தச் சோதனைக்கு அது உதவாது என்பது அந்த அறையில் எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். சிஸ்டர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "அதுல எடுத்தா கணக்கு தப்பும்ட்டி. குத்தட்டும். நீ அங்கன பாத்து நில்லு" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "மாமா, ஒரே ஒரு எறும்பு கடிக்கும், அவ்வளவுதான்" என்று அவர் காதருகே சொல்லிக்கொண்டிருந்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் நான் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். கண்ட்ரோல் என்றால் என்ன, அது குறைந்ததை எப்போது பார்த்தேன், நோட்டில் என்ன எழுதினேன், ஸார் கேட்டபோது என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும். கடைசியில், "அன்னைக்கி ஸாரு கேக்கும்போதே ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் சிஸ்டர்."

"நான் பக்கத்துல நிக்கேன். தெரிஞ்சும் சொல்லல."

"சொல்லலை."

"ஏழு வருஷம்ட்டி" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோள்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் நான்கு மணிக்கு அவர் வரவில்லை. அப்பாவுக்கு அன்று கொஞ்சம் நினைவு திரும்பியிருந்தது. "அந்தப் பொண்ணு எங்கேடி?" என்று கேட்டார். டூட்டி என்று சொன்னேன். அதற்கடுத்த நாளும் கேட்டார், அதற்கும் டூட்டி என்றேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதற்கு மறுநாள் காலையில் ஸாரின் அறைக்குப் போனேன். மேட்ரனும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். என் பழைய நோட்டை வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்தேன், 'பிப்பெட் பிழை' என்று எழுதிய பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். ஸார் அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படித்தார். என் பட்டத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது என்றார். நான் அதைக் கேட்கவே இல்லை. பிறகு, பக்கத்து அறையில் இருக்கிறவர்களுக்குக் கேட்காத குரலில், "நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள், நான் அவளைக் கீழே அனுப்பினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேட்ரனிடம் சிஸ்டரின் டூட்டிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

நேரே ஊசி போடும் அறைக்கு இறங்கினேன். வாசலில் வரிசை நின்றது. முன்னால் போய்க் கூப்பிடத் துணிச்சல் வரவில்லை, நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாய்க்கடிக்காரர் ஒருவர், குழந்தையோடு ஒரு பெண். என் முறை வந்தபோது சிஸ்டர் தலை நிமிராமலே, "சீட்டக் குடுங்க" என்றார். சீட்டு இல்லை என்றேன். குரலைக் கேட்டு நிமிர்ந்தார்.

"ஸார்கிட்ட சொல்லிட்டேன் சிஸ்டர். மேட்ரனும் இருந்தா. நோட்டைக் காட்டிட்டேன்."

அவர் பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி ஒரு தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். தேவைக்குமேல் பஞ்சு சேர்ந்துவிட்டது. என்னைப் பார்க்காமல், "மேல கூப்பிட்டாலும் நான் வாரேனோ வரலியோ, அது என் இஷ்டம். நீ வாங்கிக் குடுத்ததா நெனச்சுக்கிடாத" என்றார். சரி என்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் செருமினார்.

"பின்னால ஆளு நிக்காவ, நகரு" என்றார் சிஸ்டர். நான் கதவு வரை போயிருப்பேன். "ஏட்டி" என்று கூப்பிட்டார். ஏழு வருடமாக நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்து தப்பித்துக்கொண்ட அந்தக் குரல். "அப்பா கஞ்சி குடிச்சாவளா?"

"ரெண்டு ஸ்பூன். உங்களைத்தான் கேட்டுண்டே இருக்கார்."

அடுத்த ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்றினார்.

"நாலு மணிக்கு வாரேன்னு சொல்லு" என்றார்.